கைநாட்டு

கைநாட்டு என்ற சொல்லை நம் ஊரில் யாரும் மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "அவன் கைநாட்டுப் பேர்வழி" என்றால் அத்துடன் ஆள் தீர்ந்தான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். எத்தனை ஆயிரம் இடது பெருவிரல்களைப் பிடித்து மைத்தட்டில் ஒற்றி ரேகைப் பதிவேட்டில் உருட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. உருட்ட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் மை அப்பிக்கொள்ளும், கோடு விழாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு சீனாவில் ஒரு கிராமத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு தாள். தாள் நிறைய அழுத்தி அப்பிய கைநாட்டுகள். கறுப்பு மை இல்லை, ரத்தச் சிவப்பு. ஒன்றிலாவது ரேகை தெரிகிறதா என்று கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். பின்னால் வரிசை நின்றது.

மகனுக்கு ஷாங்காயில் வேலை. "பெருஞ்சுவர் பாக்கலாம், பாண்டா பாக்கலாம், அதெல்லாம் விட்டுட்டு அன்ஹுய்ல ஒரு கிராமமாப்பா?" என்று கேட்டான். அவனுடைய நண்பர் வழியாக நான்ஜிங்கில் சட்டம் படிக்கும் ஒரு பெண் மொழிபெயர்க்கக் கூட வந்தாள். நான்ஜிங் தெற்கு நிலையத்தில் ஏறியதும் ரயில் யாங்சி ஆற்றைக் கடந்தது. பெட்டிக் கதவுக்கு மேல் சிவப்பு எழுத்தில் வேகம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னூறைத் தாண்டியபோது என் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். மேலே ஒரு வட்டம்கூட எழவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பெங்பு வந்துவிட்டது. அங்கிருந்து காரில் அன்ஹுய் மாகாணம், ஃபெங்யாங் மாவட்டத்து ஷியாவ்காங்.

ஃபெங்யாங் பழைய பெயர் பெற்ற ஊர். மிங் வம்சத்தை நிறுவிய சக்கரவர்த்தி ஜு யுவான்ஜாங் பிறந்த மண். ஆனால் சீனர்களுக்கு ஃபெங்யாங் என்றால் ராஜாவுக்கு முன்னால் நினைவுக்கு வருவது சிறு மேளம். பஞ்சம் வரும்போதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் மேளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு பிச்சைக்குக் கிளம்பிவிடுவார்களாம். மேளம் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. வருடா வருடம் பயிற்சி கிடைத்தால் எதுவும் கலையாகிவிடும்.

சாலையோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் கார் ஓட்டுநர் முணுமுணுத்தார். அவர் என்ன சொன்னார் என்று அந்தப் பெண் மொழிபெயர்க்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. நம் பக்கத்தில் கேட்ட அதே ராகம்.

ஊருக்குள் நுழைந்ததும் நான் எதிர்பார்த்த கிராமம் இல்லை. அகலமான தெரு, இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவரும் சாம்பல் ஓடும் போட்ட மாடி வீடுகள், கீழே கடைகள். வறுத்த வேர்க்கடலை விற்ற கிழவியின் தள்ளுவண்டியில் ஒரு அட்டை தொங்கியது. அதில் க்யூஆர் கோடு. நான் நோட்டை நீட்டினேன். அவர் அதைப் பழைய உறவுக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, சில்லறை இல்லை என்று கையை விரித்தார். கடலைக்குக் காசு அந்தப் பெண்ணின் போனிலிருந்து போயிற்று.

அந்தத் தாள் இருக்கும் நினைவகத்துக்குப் பக்கத்தில் அந்தக் காலத்து வீடு ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மண் சுவர், புல் கூரை, குனிந்து போகிற வாசல். யான் லிஹுவா என்பவர் வீட்டின் மாதிரி. 1978 நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, அவர் வீட்டில்தான் ஊரின் குடும்பத் தலைவர்கள் பதினெட்டுப் பேர் கூடினார்கள். மொத்தம் இருபது குடும்பம். இரண்டு பேர் அன்று ஊரில் இல்லை, அவர்கள் சார்பில் மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். உற்பத்திக் குழுவின் துணைத் தலைவர் யான் ஹோங்சாங் பேனாவை எடுத்து எழுதினார்.

அவர்கள் செய்த குற்றம் என்ன என்று புரிய, அதற்கு முந்தைய இருபது வருடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலம் முழுக்க மக்கள் கம்யூனுக்குச் சொந்தம். விசில் ஊதினால் வயலுக்குப் போக வேண்டும், விசில் ஊதினால் திரும்ப வேண்டும். வந்தவனுக்கு உழைப்புப் புள்ளி. வளைந்து உழைத்தவனுக்கும் வரப்பில் உட்கார்ந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளி. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்போம். இங்கே கணக்குப் பார்த்தவன் உழுதவனே இல்லை, குழுவின் கணக்கர். 1958இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' பஞ்சத்தில் முடிந்தது. ஷியாவ்காங்கில் அப்போது இருந்த 120 பேரில் 67 பேர் பசியால் செத்தார்கள் என்கிறார்கள். மீதிப் பேர் மேளத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இனி அந்தத் தாளில் இருப்பது. நிலத்தை வீடுவாரியாகப் பிரித்துக்கொள்கிறோம். அரசுக்குச் சேர வேண்டிய தானியத்தை ஒவ்வொரு வீடும் தந்துவிடும். இனிமேல் அரசிடம் பணத்துக்கும் தானியத்துக்கும் கையேந்த மாட்டோம். இது கைகூடாமல் போனால் எங்கள் குழுத் தலைவர்கள் சிறைக்குப் போகவும் தலையைக் கொடுக்கவும் தயார். அப்படி நேர்ந்தால் அவர்களுடைய பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை மற்றவர்கள் வளர்ப்போம்.

பழக்க தோஷம், நான் அதைப் பத்திரமாகவே படித்தேன். சொத்து விவரம் இல்லை. நான்கெல்லை இல்லை. பிரித்துக்கொள்பவருக்கு உரிமையே இல்லாத நிலம். நோக்கம் சட்டவிரோதம். எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தால் பதிய முடியாது என்று திருப்பி அனுப்பியிருப்போம். ஆனால் அந்தக் கடைசி ஷரத்து! கடன் பத்திரம், பாகப் பத்திரம், விடுதலைப் பத்திரம், தான செட்டில்மெண்ட் என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். நிலம் எழுதுகிற பத்திரத்தில் 'நீ செத்தால் உன் பிள்ளையை நான் வளர்க்கிறேன்' என்று ஒரு வரியைப் பார்த்ததில்லை. அப்புறம்தான் அந்த ரேகைகளைத் திரும்பப் பார்த்தேன். உருட்டச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. நடுங்குகிற கை அழுத்தத்தான் செய்யும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தது நகல். அசல் என்று சொல்லப்படுகிற தாள் பெய்ஜிங்கில் தேசிய அருங்காட்சியகத்தில், ஜிபி54563 என்ற எண்ணோடு இருக்கிறது. அதுவே அந்த ராத்திரி எழுதியதுதானா, பிற்பாடு படம் எடுப்பதற்காகத் திரும்ப எழுதியதா என்று சீனாவிலேயே சர்ச்சை நடந்தது. ஷியாவ்காங்தான் முதல் ஊர் என்பதும் முழு உண்மை இல்லை. அதே அன்ஹுயில் ஃபெய்ஷி மாவட்டத்தில் இதற்குச் சில வாரம் முன்பே நிலத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், 1956இல் ஜெஜியாங்கின் யோங்ஜியாவில் இதையே செய்துபார்த்த மாவட்டக் கட்சித் துணைச் செயலரைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். சிறைக்குப் போகவும் தயார் என்று ஷியாவ்காங்காரர்கள் எழுதியது அலங்காரத்துக்கு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சீனாவின் சீர்திருத்தம் பிறந்த நாளாகப் பாடப்புத்தகங்கள் சொல்வது இதற்குச் சில வாரம் கழித்து, 1978 டிசம்பர் 18 முதல் 22 வரை பெய்ஜிங்கில் நடந்த கட்சி மத்தியக் குழுவின் முழுநிலைக் கூட்டத்தை. அந்தக் கூட்டம் ஏற்றுக்கொண்ட விவசாய வரைவில், நிலத்தை வீடுவாரியாகப் பிரிக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. சீர்திருத்தக் கூட்டம் தடை செய்ததைத்தான் சீர்திருத்தத்தின் விதை என்று இன்றைக்குக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தின் தடையை மீறி நின்றது எதனால்? நெல்லும் கோதுமையும் வேர்க்கடலையும் சாட்சி சொன்னதால். 1979இல் ஷியாவ்காங்கில் விளைந்த தானியம் சுமார் 66 டன். 1966 முதல் 1970 வரை ஐந்து வருடம் சேர்ந்து விளைந்த அளவு. தலைக்கு 22 யுவானாக இருந்த வருமானம் 400 யுவான் ஆயிற்று. இருபது வருடத்துக்கு மேலாக அரசிடம் வாங்கித் தின்ற ஊர், முதல் முறையாக அரசுக்குத் தானியம் அளந்தது. மாவட்டச் செயலர் கண்ணை மூடிக்கொண்டார். மாகாணச் செயலர் வான் லி நேரில் வந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்றார். 1980 மே 31 அன்று நாட்டின் உச்சத் தலைவர் டெங் சியோபிங் ஃபெய்ஷியையும் ஃபெங்யாங்கையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். 1982 ஜனவரியில் மத்தியக் குழுவின் 'முதல் எண் ஆவணம்' அதற்கு அங்கீகாரம் தந்தது. 1984க்குள் கம்யூன்கள் நாட்டிலிருந்தே மறைந்தன.

ஊருக்குக் கைநாட்டு பழகிவிட்டது. 2004இல் மாகாண நிதித் துறையிலிருந்து ஷென் ஹாவ் என்ற அதிகாரி இங்கே கட்சிச் செயலராக வந்தார். மூன்று வருடப் பணி முடியும் சமயம், அவரை மாற்றக் கூடாது என்று 2006இல் 98 பேர் சிவப்பு மையில் பெருவிரல் வைத்து மனு கொடுத்தார்கள். 2009இல் மறுபடியும் வைத்தார்கள். அந்த வருடம் நவம்பரில் அவர் இங்கேயே இறந்துபோனார். சாம்பலை எங்கள் ஊரிலேயே புதைக்க வேண்டும் என்று மூன்றாவது முறையும் வைத்தார்கள். அவர் கல்லறை அங்கே இருக்கிறது.

மதியம் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் ஃபெங்யாங்கின் பெயர் பெற்ற பண்டத்தைச் சாப்பிட்டோம். டோஃபுத் துண்டுக்குள் கொத்திய இறைச்சியை வைத்துப் பொரித்து, புளிப்பும் இனிப்புமான சாற்றில் போட்டது. கடைக்காரர் மேசையைத் துடைத்தபடி, தன் நிலத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகை விட்டிருப்பதாகச் சொன்னார். ஊரில் பெரும்பாலோர் அப்படித்தானாம். உயிரைப் பணயம் வைத்துப் பிரித்த நிலத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டீர்களே என்று கேட்கச் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்போ விசில், இப்போ வாடகை. வாடகை வராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வேன்" என்றார். 2015இல் கொடுத்த நில உரிமைச் சான்று அவரிடம் இருக்கிறது, சிவப்பு அட்டை போட்டது. அதை அவர் எழுந்து போய் எடுத்து வந்து காட்டினார். நிலம் இன்றும் ஊர்க் கூட்டுக்குத்தான் சொந்தம், இவருக்கு இருப்பது உழுகிற உரிமை. நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இதில் அளவு இருந்தது, நான்கெல்லை இருந்தது. என் மனம் நிறைந்துவிட்டது.

திரும்பும் ரயிலில் அந்தப் பெண்ணிடம், அடுத்து ஷென்ஜெனும் குவாங்சோவும் போகிறேன் என்றேன். குவாங்சோவில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டாள். சுன் ஜிகாங் என்ற பெயர் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் சார். அரசியலமைப்புச் சட்டப் பாடத்தில் அந்த வழக்கு இருக்கிறது" என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் ஒப்பிக்கத் தொடங்கினாள், நன்றாகப் படித்த பிள்ளை. 2003 ஜூன் 20, பழைய காவல் விதி ரத்து. ஆகஸ்ட் 1 முதல் புதிய உதவி விதி. "மூன்று சட்ட முனைவர்கள் மனு கொடுத்தார்கள்."

"அவர்கள் பெயர்?"

"பாடத்தில் மூன்று முனைவர்கள் என்றுதான் சார் இருக்கிறது. இப்போது பெரிய பேராசிரியர்களாக இருப்பார்கள், இல்லையா?"

நான் சன்னலைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது அம்மா என்றேன். முப்பத்தொரு வருடம் பொய்ச் சாட்சிகளைப் பார்த்தே பிழைத்தவன் அன்றைக்குச் சொன்ன பொய் அது. அவள் இன்னும் இரண்டு வருடம் அந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும்.

ஷென்ஜெனைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். எழுதியவர்கள் ஏராளம். மீன்பிடி ஊர் மாநகரமான கதை, மூன்று நாளுக்கு ஒரு மாடி எழும்பிய 53 மாடிக் கட்டடம், தாமரை மலை உச்சியில் கோட்டு பறக்க நடக்கும் டெங்கின் சிலை என்று எல்லாம் இருக்கிறது. நான் போனது ஒரு மரச் சுத்தியலைப் பார்க்க. ஏலம் விடும்போது தட்டுகிற சுத்தியல். ஷென்ஜென் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

1987 டிசம்பர் 1. லுவோஹுவில் 8,588 சதுர மீட்டர் மனையின் ஐம்பது வருடப் பயன்பாட்டு உரிமையை நகர அரசே ஏலத்துக்கு விட்டது. 44 நிறுவனங்கள் வந்தன. 20 லட்சம் யுவானில் தொடங்கி, பதினேழு நிமிடத்தில் 52.5 லட்சத்தில் சுத்தியல் விழுந்தது. அன்றைய சீன அரசியலமைப்பின் பத்தாவது பிரிவு, நிலத்தை யாரும் வாங்கவோ விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அரசே அரசியலமைப்பை மீறிப் பகிரங்கமாக ஏலம் விட்டது. அடுத்த வருடம் ஏப்ரல் 12 அன்று அரசியலமைப்பைத் திருத்தினார்கள். முதலில் சுத்தியல், பிறகு சட்டம். ஷியாவ்காங்கில் முதலில் பெருவிரல், பிறகு ஆவணம். வரிசை ஒன்றுதான்.

பத்திரிகையும் இந்த வரிசையில் ஒருமுறை வந்தது. 1992 ஜனவரியில், பதவியெல்லாம் விட்டுவிட்ட 87 வயது டெங் தெற்கே வந்து, சீர்திருத்தத்தை வேகப்படுத்துங்கள் என்று போகிற இடமெல்லாம் பேசினார். பெய்ஜிங் இதழ்கள் வாய் திறக்கவில்லை. மார்ச் 26 அன்று ஷென்ஜெனின் உள்ளூர் நாளிதழ் அந்தப் பயணத்தை விரிவாகப் போட்டது. சில நாளில் நாடு முழுக்க அதை எடுத்துப் போட்டார்கள். அதை எழுதிய செய்தியாளரையும் யாரும் ஒன்றும் செய்யவில்லை, கொண்டாடத்தான் செய்தார்கள். டெங்கின் பக்கம் ஜெயித்த பிறகு அவருடைய செய்தி தப்பாக முடியாது.

இனி குவாங்சோ. அங்கே அருங்காட்சியகம் இல்லை. குவாங்சோ பெருஞ்சாலை நடுப்பகுதியில் 289ஆம் எண் வளாகத்தின் வாசல் மட்டும் இருக்கிறது. நான்ஃபாங் பத்திரிகைக் குழுமத்தின் வளாகம் அது. எதிர்ப்பக்க நடைபாதையில் மகனும் நானும் நின்றோம். உள்ளே போக வேலை இல்லை. டெலிவரிப் பையன்கள் மின்ஸ்கூட்டரில் வந்து பொட்டலங்களை வைத்துவிட்டுப் போனார்கள். காவலாளி இரண்டு முறை எங்களைப் பார்த்தார்.

சுன் ஜிகாங்குக்கு 27 வயது. ஹுபெய் மாகாணத்தின் ஹுவாங்காங்கில் விவசாயக் குடும்பம். வூஹானில் கலை வடிவமைப்பு படித்துப் பட்டம் வாங்கி, குவாங்சோவில் ஆடை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 2003 மார்ச் 17 ராத்திரி இணைய மையத்துக்கு நடந்து போனார். வழியில் போலீஸ் நிறுத்தியது. தற்காலிகக் குடியிருப்பு அட்டை அவரிடம் இல்லை.

1958 முதல் சீனாவில் ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு உண்டு. பிறந்த ஊர்ப் பதிவேட்டில் இருப்பவர் வேறு நகரத்தில் தங்க அன்று அனுமதித் தாள் வேண்டியிருந்தது. ஷென்ஜெனுக்குள் நுழையவே ஒரு காலத்தில் தனிச் சீட்டு வேண்டியிருந்தது. நகரைச் சுற்றி 84 கிலோமீட்டருக்குமேல் கம்பி வேலி போட்டிருந்தார்கள், அதை முறைப்படி நீக்கியது 2018இல்தான். அடையாள அட்டை, குடியிருப்பு அட்டை, வேலைச் சான்று, இந்த மூன்றும் இல்லாதவரை 1982ஆம் வருட விதி ஒன்றின் பேரில் பிடித்துக் காவல் மையத்தில் வைத்துச் சொந்த ஊருக்கு அனுப்பலாம். பிச்சைக்காரர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் உதவ என்று எழுதிய விதி அது. 1982! ஷியாவ்காங்குக்கு அங்கீகாரம் கிடைத்த அதே வருடம். நிலத்திலிருந்து விடுபட்ட விவசாயியின் பிள்ளை நகரத்துக்கு வருவான், வந்தால் பிடிக்க வலை வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அப்படித்தான் ஆயிற்று.

மூன்றாம் நாள், மார்ச் 20, காவலில் வைத்தவர்களுக்கான மருத்துவ நிலையத்தில் சுன் இறந்தார். இதய நோய் என்று காகிதம் சொன்னது. குடும்பத்தார் விடாமல் அலைந்து சவப் பரிசோதனை வாங்கினார்கள். உடம்பு முழுக்க அடிபட்டதால் வந்த மரணம் என்று அது சொன்னது. ஏப்ரல் 25 அன்று, நான்ஃபாங் துஷி பாவ், அதாவது 'தென்னக மாநகர நாளிதழ்', அதைச் செய்தியாகப் போட்டது. செய்தியாளர்கள் சென் ஃபெங்கும் வாங் லெய்யும். தலைமை ஆசிரியர் செங் யிஜோங். நாடு முழுக்க இணையத்தில் தீப்பற்றிக்கொண்டது.

மே 14 அன்று, பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற மூன்று இளைஞர்கள் தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழுவுக்கு மனு அனுப்பினார்கள். ஒருவருடைய உடல் சுதந்திரத்தைப் பறிக்கும் விதியை அமைச்சரவை போட முடியாது, சட்டமன்றம்தான் போடலாம், ஆகவே இந்த விதி அரசியலமைப்புக்கு முரண், பரிசீலியுங்கள். வாதம் அவ்வளவுதான். கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை. யூ ஜியாங், தெங் பியாவ், ஷூ ஜியோங் என்று மூன்று கையெழுத்து.

ஜூன் 20 அன்று பிரதமர் வென் ஜியாபாவின் அரசு அந்த விதியை ரத்து செய்தது. அடித்தவர்களில் ஒருவருக்கு மரண தண்டனையும் மற்றவர்களுக்குச் சிறையும் கிடைத்தன. சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் அந்தச் சட்ட மாணவி சொன்ன பாடத்தில் ஒரு நுணுக்கம் இருந்ததா தெரியவில்லை. மனுவைப் பெற்ற நிலைக்குழு அதைப் பரிசீலித்துத் தீர்ப்புச் சொல்லவே இல்லை. அரசு தானாகவே விதியை எடுத்துவிட்டது. ஒரு குடிமகன் மனுப் போட்டால் ஒரு விதி அரசியலமைப்பின்படி செல்லுமா செல்லாதா என்று சொல்லியாக வேண்டும் என்ற முன்மாதிரி அதனால் உருவாகவில்லை. வீட்டை இடிக்க நோட்டீஸ் வருவதற்குள் வீட்டுக்காரரே இடித்துவிட்டால் வழக்கு நிற்காது அல்லவா? சாமர்த்தியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததை அந்த நடைபாதையில் மகனுக்குச் சொன்னேன். குரலைத் தணித்துக்கொண்டேன், தமிழில் பேசியும். 2004 மார்ச்சில் செங் யிஜோங்கைப் பிடித்தார்கள். ஐந்து மாதம் உள்ளே இருந்தார். வழக்கில்லாமல் விட்டார்கள். அந்த நாளிதழின் மேலாளர் யூ ஹுவாஃபெங்குக்கும் குழும அதிகாரி லி மின்யிங்குக்கும் ஊழல் என்று சிறை. 2013 ஜனவரியில், இதே வாசலில் ஜனங்கள் மஞ்சள் செவ்வந்திப் பூ வைத்தார்கள். குழுமத்தின் வார இதழ் அரசியலமைப்பை மதிக்கச் சொல்லி எழுதிய புத்தாண்டுத் தலையங்கத்தைத் தணிக்கைக்காரர்கள் மாற்றி எழுதிவிட்டார்கள் என்பதற்காக. அங்கே நின்று பேசிய குவோ ஃபெய்ஷியோங்குக்கு 2015இல் ஆறு வருடம்.

எனக்குப் புரியாதது இதுதான். ஷியாவ்காங்கின் பதினெட்டுப் பேர் மீறியது எழுதிய விதியை. ஷென்ஜென் மீறியது அரசியலமைப்பையே. இரண்டுக்கும் கண்ணாடிப் பெட்டி. குவாங்சோவில் இவர்கள் எதையும் மீறவில்லை, இருக்கிற அரசியலமைப்பைப் படித்து அதன்படி நடக்கச் சொன்னார்கள். நிறையத் தானியம் விளைவித்தவனை அரசுக்குப் பிடித்தது. விதியைப் படித்துக் கேள்வி கேட்டவனை மட்டும் பிடிக்கவில்லை. பணக்கார நாடு ஆனால் மற்றது தானாக வரும் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது, நானும் நம்பினேன். ஷென்ஜென் கட்டடங்களைப் பார்த்தவர்கள் சுலபமாக நம்புவார்கள். குவாங்சோவின் அந்த வாசலையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அன்று மாலை விடுதியில், வரவேற்பு மேசைப் பையன் என் கடவுச்சீட்டை வாங்கிப் படம் பிடித்தான். வெளிநாட்டவர் வந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் போலீஸில் பதிய வேண்டும், விடுதியே பதிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்துச் சிரித்தான். என் கைக்குத் தற்காலிகக் குடியிருப்பு கிடைத்துவிட்டது. கைநாட்டு கேட்கவில்லை.

சென்னை திரும்பியதும் அந்தச் சட்ட மாணவிக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினேன். ஷியாவ்காங்கில் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினேன், அந்தச் சிவப்பு ரேகைகள் தெரிகிற படம். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். மூவரில் ஒருவர் பேராசிரியர்தான். தெங் பியாவ் நாட்டை விட்டுப் போய் அமெரிக்காவில் இருக்கிறார். ஷூ ஜியோங்குக்கு 2014 ஜனவரியில் நான்கு வருடம் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் மறுபடியும் பதினான்கு வருடம். இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.